நடந்து காட்டிய ஆள்

"ஏம்மா, மூஞ்சிய வுட்டுட்டு என் காலயே படம் புடிச்சிக்கிட்டு இருக்குற?"

பவானி திடுக்கிட்டுப் போனை இறக்கினாள். கடலூர் முதுநகர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அவளையும் அந்த ஆளையும் டீக்கடைக்காரரையும் தவிர யாரும் இல்லை. சிதம்பரம் போகும் பாசஞ்சர் ஒரு மணி நேரம் லேட் என்று அப்போதுதான் சொல்லியிருந்தார்கள்.

"சாரிண்ணா. கேட்டுட்டு எடுத்திருக்கணும். நீங்க நடக்குறத எடுத்தேன்."

"நொண்டுறத எடுத்தேன்னு சொல்லு." கட்டைப்பையோடு அவர் வலது காலை இழுத்து இழுத்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். "எதுல போடப்போற? ஊரே பாத்துச் சிரிக்கிறதுக்கா?"

"ஐயோ, எதுலயும் போட மாட்டேன். பாத்து வரையத்தான்."

பையிலிருந்து டேப்லெட்டை எடுத்துக் காட்டினாள். "நான் சிதம்பரம்ணா. அனிமேஷன் படிச்சிருக்கேன். சென்னையில ஒரு கம்பெனில டெஸ்ட் வச்சிருக்காங்க. ஒரு ஆளு அஞ்சு செகண்டு நடக்கணும், அவ்ளோதான். ஆனா நடையப் பாத்தே அது எப்பேர்ப்பட்ட ஆளுன்னு தெரியணுமாம். ரெண்டு வாட்டி அனுப்பிட்டேன். பொம்மை நடக்குற மாரி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள அனுப்பலன்னா இந்த வேலை போச்சு."

"அதுக்கு நாந்தான் கெடச்சனா?"

"காலைலேர்ந்து சில்வர் பீச்சுல ஒக்காந்து பாத்தேன். மணல்ல எல்லாரும் ஒரே மாரி நடக்குறாங்க. பஸ் ஸ்டாண்டுல எல்லாரும் ஓடுறாங்க. நீங்க அந்தப் படி எறங்கி வந்தீங்க பாருங்க, அப்பதான் இதுதான்னு தோணுச்சு."

"எங்க, காட்டு பாப்பம்" என்றார் அவர்.

தன் நடையை அவர் ஒருமுறை பார்த்தார். "மறுபடி போடு" என்றார். மூன்றாவது முறையும் பார்த்துவிட்டு, "நொண்டுறது எந்த எடத்துல தெரியுது? கால்லயா?" என்று கேட்டார்.

பவானிக்கு உற்சாகமாகிவிட்டது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி நகர்த்தினாள்.

"கால்ல கம்மிண்ணா. ஒரு செகண்டுக்கு இருவத்திநாலு படம். நல்லா நடக்குறவங்களுக்கு ஒரு காலுக்குப் பன்னெண்டு, இன்னொரு காலுக்குப் பன்னெண்டு. உங்க வலது காலு எட்டுலயே எந்திரிச்சிடுது. இடது காலுதான் பதினாறு நிக்குது. வலது கால ஊனுறதுக்கு முன்னயே தோளு எறங்கிடுது, பாருங்க. பை இருக்குற கை வெளிய போவுது. மூஞ்சி வேற சுளிக்குது."

"மூஞ்சிகூடவா?"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "சடையப்பன ஈரோவா போடப்போறியாம்மா? நடைய மட்டும் எடுத்துக்க. மூஞ்சிக்கு வேற ஆளப் பாரு."

"யோவ், நீ டீயில தண்ணி ஊத்துற வேலய மட்டும் பாரு" என்ற சடையப்பன் எழுந்தார். "இன்னொரு வாட்டி நடக்குறேன், எடும்மா."

பிளாட்பாரத்தின் கோடி வரை போய்த் திரும்பி வந்தார். பவானி எடுத்தாள். வந்ததும் வராததுமாகப் போனைப் பார்த்தார்.

"இப்பவும் தோளு எறங்குதா?"

"எறங்குதுண்ணா. சூப்பரா இருக்கு."

"ப்ச்" என்றபடி மறுபடியும் நடக்கப் போனார்.

நாலு முறை நடந்தார். ஒவ்வொரு முறையும் வந்து பார்த்தார், கேட்டார். பவானி பக்கத்தில் உட்கார்ந்து வேகமாக வரைந்துகொண்டிருந்தாள். திரையில் அவள் போட்ட ஆள் இப்போது மூச்சு விடுகிற மனிதனாக நடந்தான்.

"காலு எப்புடிண்ணா ஆச்சு?"

"மூணு மாசம் ஆவுது. ஊட்டுல ஓடு மாத்துறப்ப ஏணி சறுக்கிடுச்சு. ஒரு கம்பெனில லோடு ஏத்தி எறக்குற வேல எனக்கு. அன்னிலேர்ந்து சும்மாதான் கெடக்குறேன்."

"வலிக்குதுன்னா போதும்ணா, ஒக்காருங்க."

"வலி கெடக்குது. எனக்கும் இது புடிச்சிருக்கு."

"சினிமா ஆசை வந்துடுச்சு உங்களுக்கு" என்று பவானி சிரித்தாள். "சரி, சைடுலேர்ந்து பாக்குறது முடிஞ்சுது. எதிர்ல வர்ற மாரி ஒண்ணே ஒண்ணு வேணும். அதையும் சேத்து அனுப்பச் சொல்லியிருக்காங்க."

"சிக்னல் போட்டாச்சு" என்று டீக்கடைக்காரர் குரல் கொடுத்தார்.

சடையப்பன் கோடிக்குப் போனார். பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். வாய்க்குள் ஏதோ எண்ணுவது போல உதடுகள் அசைந்தன. நடந்து வந்தார்.

பவானி பாதியிலேயே போனை இறக்கிவிட்டாள்.

"அண்ணா! என்னண்ணா இப்புடிக் கெடுத்துட்டீங்க? வண்டி வரப்போற நேரத்துல! இதுல நீங்க நொண்டவே இல்லியே. இது யாரு வேணா நடக்குற நடை, எனக்கு ஒதவாது."

சடையப்பன் அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. துளிகூடத் தெரியலியா?"

"துளிகூடத் தெரியலண்ணா!"

அவர் அப்படியே பெஞ்சில் சாய்ந்து, அந்தக் காலை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப இனிமே ஒனக்கு வேணுங்கிற மாரி நொண்டுறேன், எடுத்துக்க. நாளைக்குக் காலைல செம்மங்குப்பத்துல கம்பெனி டாக்டரு நடக்கவுட்டுப் பாத்துட்டுத்தான் என்னைத் திருப்பி வேலைக்குச் சேப்பாரு. படம் போடுற ஒன் கண்ணுக்கே தெரியலன்னா, அவரு கண்ணுக்கா தெரியப்போவுது?"