ஐந்து இலைக் கொசுறு

"எது வேணும்னு நீங்களே சொல்லுங்கக்கா. தினமும் இதுகூட நிக்கப்போறது நீங்கதானே" என்றார் விற்பனைப் பிரதிநிதி.

காங்கேயம் சூப்பர் மார்க்கெட்டில் குணவதிதான் மூத்த பில்லிங் ஊழியர். அவள் முன்னால் இரண்டு இயந்திரங்கள் இருந்தன. இரண்டுமே பார்கோடையும் எடையையும் ஒரே தட்டில் பார்த்துவிடும். முதலாவது அத்தோடு சும்மா இருக்கும். இரண்டாவது, வாடிக்கையாளரின் போன் எண்ணில் பதிவான பழைய எடைகளை வைத்து அவர் வீட்டில் எத்தனை பேர் என்று கணித்து, அதற்கேற்றபடி கறிவேப்பிலைக் கொசுறையும் அளந்து தள்ளும்.

குணவதி தன் கூடையை வைத்துத் தன் போன் எண்ணைத் தட்டினாள். நூறு கிராம் வெண்டைக்காய், இரண்டு தக்காளி. தட்டின் ஓரத்தில் ஐந்து இலைகள் விழுந்தன.

"ஒரு ஆளுக்கு அஞ்சு இலை. எவ்ளோ கரெக்டா கண்டுபிடிச்சிருச்சு பாருங்கக்கா."

இருபது வருடத்தில் அவள் யாருக்கும் ஒரு கொத்துக்குக் குறைத்துக் கொடுத்ததில்லை. போய் முக்கால் கிலோ தக்காளியும் நான்கு முருங்கைக்காயும் எடுத்துவந்து தட்டில் சேர்த்தாள்.

இயந்திரம் சற்றுத் தாமதித்தது. "வீட்டுக்கு யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டது.

அவள் முருங்கைக்காய்களைத் தட்டில் நேராக அடுக்கினாள்.

"ஆமான்னு சொல்லுங்கக்கா. கொத்தாவே தரும்."

"ஆமா" என்றாள். கொத்து வந்தது.

மாலையில் முதலாளி கொடுத்த படிவத்தில் இரண்டாவது இயந்திரத்துக்கு நேராக டிக் அடித்தாள்.  காரணம் கேட்டிருந்த கட்டத்தில் எழுதினாள்: "வீட்டுக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்கிறது."