துடைக்கக் கூடாத முகம்

பவுனம்மாள் பாய்ந்து போய், சித்திரசாலையின் புதிய தலைவர் சண்முகரத்தினத்தின் கையை எட்டிப் பிடிக்கிறாள். அந்தக் கையில், சாயத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் தோய்த்த துணி. எதிரே சுவரில், துணியில் தீட்டிய ஆளுயர மகாலட்சுமி ஓவியம். பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறைப் புகையை ஊடுருவி வரும் சாயங்கால வெயில் அம்மனின் மஞ்சள் கன்னத்தில் விழுகிறது. வெள்ளிதோறும் பூசிப் பூசித் தடித்த குங்குமம் நெற்றியில் கனன்றுகொண்டிருக்கிறது. "விடுங்கோ அம்மா! சித்திரசாலையைக் கோயிலாக்கி வைச்சிருக்கிறியள். இத்தனை வருஷம் நீங்கள் செய்த தொண்டு போதும். நாளையிலயிருந்து ஒருத்தரும் வரத் தேவையில்லை." "வரலைங்கய்யா, நாங்க யாரும் வரல. அவளை மட்டும் தொடாதீங்க!" பின்னால் நிற்கும் பழைய தொண்டர் தம்புசாமி, துடைப்பத்தை மார்போடு அணைத்தபடி தலையைக் குனிந்துகொள்கிறார். "குங்குமத்தைத்தானே துடைக்கப் போறன், அதுக்கு ஏன் இந்த அழுகை?" துணியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுகிறது. பவுனம்மாள் சண்முகரத்தினத்தின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். "ஒவ்வொரு தீபாவளிக்கும் குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி அவ முகத்தைப் புளி போட்டுத் தேய்ச்சோம் ஐயா. சுத்தமா இருக்கட்டும்னுதான் தேய்ச்சோம். சாயம் பூராவும் போயிருச்சு. இப்ப நீங்க பார்க்கிறது, நானும் தம்புசாமி அண்ணனும் மஞ்சளும் கண்மையும் குழைச்சு எழுதினது. அடியில வெறுந்துணிதான். அவளுக்கு முகமே இல்லைங்கய்யா!"