பேட்டரிக்கு ஏற்ற சூடு

இதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும் இந்தக் குளிர்காலம் முழுக்க என் சவுனாவின், அந்த நீராவிக் குளியலறையின், அடுப்பு பற்றாமல் போகட்டும். இதற்கு மேல் சத்தியம் செய்ய எங்கள் ஊரில் எவனிடமும் ஒன்றும் கிடையாது.

பனி வாரும் மெஷின் நின்றுவிட்டது.

ஆர்வோ அதன் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றான். எதிரே சாலையில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. நடுவில் ஆள் உயரப் பனி. சாலையை வழித்துக்கொண்டு போன வண்டி, வழித்ததையெல்லாம் அவன் வீட்டு வழியின் வாயில் மதில் மாதிரி அணைத்துவிட்டுப் போயிருந்தது.

மண்வாரியால் வாரலாம். வாரி முடிக்கும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் இருக்கும்.

பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. வீட்டுக்குள் அவன் மனைவி லெம்பிக்கு வலி கண்டிருந்தது. குழந்தையின் கால் கீழே இருக்கிறது, வலி வந்தால் நேரே ஆஸ்பத்திரிதான், வீட்டில் வைத்துக்கொண்டு விளையாடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

லெம்பியின் அப்பா உர்ஹோ, மெஷினோடு வந்த கையேட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றார்.

“சாவி போட்டிருக்கான்னு பாரு மாப்ளே.”

“போட்டிருக்கு மாமா.”

“மெஷின் வாயில பனி அடைச்சிருந்தா பேட்டரியைக் கழட்டிட்டுக் குச்சியால குத்தணுமாம். கையை விடக்கூடாதாம். விட்டா அடுத்த பக்கத்தைப் புரட்ட விரல் இருக்காதுன்னு நான் சொல்றேன், இதை எழுதினவன் போடல.”

ஆர்வோ கழற்றினான், குத்தினான், மாட்டினான். மெஷின் அசையவில்லை. பேட்டரியில் நீல விளக்கு கண் சிமிட்டியது.

“நீலம்னா குளிர்ந்துபோச்சுன்னு அர்த்தம். சூடு காட்டணும்.”

குளிர் அன்றைக்கு அப்படி. உர்ஹோ கைப்பிடிச் சுவர்மேல் வைத்த காபியிலிருந்து எழுந்த ஆவி, பாதி வழியில் மனம் மாறிக் கோப்பைக்குள்ளேயே திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் பேட்டரியை அடுப்படிக்குக் கொண்டுபோயிருப்பான். எங்கள் ஆட்களிடம் சூடு என்று சொன்னால் கால் தானாக ஓரிடத்துக்குத்தான் போகும். அன்று குளியல் நாளான சனிக்கிழமை வேறு. கொல்லையில் சவுனா மதியத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. ஆர்வோ பேட்டரியை மேல்பலகையில் உட்காரவைத்தான். பழக்கதோஷத்தில் ஆவி கிளப்ப, அடுப்பின் கொதிக்கும் கற்கள்மேல் ஓர் அகப்பைத் தண்ணீரும் ஊற்றியிருப்பான். ஒரு கையை மறு கை பிடித்துத் தடுத்தது.

எடுத்துப் பார்த்தால் சிவப்பு விளக்கு.

“சிவப்புன்னா சூடு அதிகமாம். ஆறவைக்கணும்.”

பனியில் வைத்தான். நீலம். சவுனாவுக்கு ஓடினான். சிவப்பு. வீட்டுக்குள்ளிருந்து வந்த முனகல்களுக்கு இடையே இருந்த இடைவெளி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறைந்துகொண்டே வந்தது.

கடைசியில் லெம்பியே கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“குடுய்யா இப்படி. ரெண்டு ஆம்பளைங்க சேர்ந்து ஒரு டப்பாவுக்குப் பதமா சூடு காட்டத் தெரியல.”

பேட்டரியை வாங்கித் துண்டில் சுற்றிக் கம்பளிச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். இடம் பறிபோனது பிடிக்காத குழந்தை உள்ளேயிருந்து உதைத்தது. சட்டைக்குமேலேயே தெரிந்தது. பேட்டரி துள்ளியது, திரும்பத் துள்ளியது. லெம்பி பல்லைக் கடித்தாள்.

வெளியே எடுத்தபோது பச்சை விளக்கு. இரண்டு கட்டம் சார்ஜோடு போனது ஐந்து கட்டத்தோடு வந்தது. அந்தப் பேட்டரியில் இருப்பதே நான்கு கட்டங்கள்தான்.

மாட்டியதும் மெஷின் ஆர்வோவை இழுத்துக்கொண்டு ஓடியது. வாரி வீசிய பனி பிர்ச் மரங்களின் உச்சியைத் தாண்டிப் போயிற்று. மதில் உடைந்தது. சாலை வந்தது.

சாலையில் ஆம்புலன்ஸ் இல்லை.

போய்விட்டார்கள். இனி யாரைக் கூப்பிடுவது, கூப்பிட்டாலும் எப்போது வருவார்கள். ஆர்வோ சாலையோரம் புதிதாக முளைத்திருந்த பனிமேட்டில் சாய்ந்து நின்றான்.

பனிமேடு உள்ளுக்குள்ளிருந்து சிவந்தது. அணைந்தது. மறுபடி சிவந்தது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது, தான் வீசிய பனியெல்லாம் எங்கே விழுந்தது என்று. கையாலேயே தோண்டினான். முதலில் கண்ணாடி, பிறகு கதவு, பிறகு, இங்கே எழுத முடியாத வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு ஒரு நர்ஸ். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

கட்டிலில் லெம்பி இல்லை. வீட்டில் யாருமே இல்லை.

கொல்லைப் பக்கம் சவுனாவின் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் உர்ஹோ சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டு நின்றார். உள்ளே சத்தமே இல்லை.

“மாமா?”

“எத்தனை கன்னுக்குட்டியை வெளிய எடுத்திருக்கேன், இதுக்குப் போயி ஏன் இப்படி முழிக்கிற? நீ கதவைத் திறந்து திறந்து மூடினதுல உள்ள சூடும் பதமா எறங்கியிருந்துச்சு.”

“கால்…”

“எந்தக் கால்? உதைச்ச உதையில அதுவாவே திரும்பிக்கிச்சு. தலைதான் முதல்ல வந்துச்சு.”

அப்போதுதான் உள்ளே ஒரு குரல் வீறிட்டது. நர்ஸ் ஆர்வோவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

குழந்தைக்கு சைமி என்று பெயர் வைத்தார்கள். இன்றும் எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். சந்தேகம் உள்ளவர்கள் அவளையே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

பேட்டரியில் ஓடும் மெஷின் எங்கள் ஊர்க் கடைக்கு முதன்முதலாக வந்தது, சைமி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம்.