மூவாயிரம் போதும்

"நாலாயிரத்துல வச்சிருக்கியாமே? அதை மூவாயிரத்துக்கு எறக்கிரு. அவனுக்குத் தெரிய வேண்டாம்."

தண்டாயுதபாணி இதைச் சொன்னபோது, கொடைக்கானலில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் நல்லையா, ஒரு ஃபியட் காரின் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். மெல்ல வெளியே வந்தார்.

"யாருக்குத் தெரிய வேண்டாம், மொதலாளி?"

"இந்தக் கார்க்காரனுக்குத்தான். குமாரவேலுக்கு."

மறுநாள் எஸ்டேட் சாலையில் மலையேற்றக் கார்ப் பந்தயம். கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்படும்; குறைந்த நேரத்தில் உச்சியை எட்டுபவருக்கு வெற்றி. மூன்று ஆண்டுகளாக அதில் முதலிடம், ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி முதலாளியான இதே தண்டாயுதபாணிக்குத்தான். இந்த ஆண்டு அவரை எதிர்த்து நிற்பவன், அவருடைய அண்ணன் மகன் குமாரவேல். கிணற்றுப் பங்கில் வந்த தகராறால் எட்டு ஆண்டுகளாக இரு குடும்பங்களுக்கும் பேச்சு இல்லை.

ஜெயிப்பவருக்கு, பந்தயம் நடத்தும் கிளப்பின் செலவில் மெட்ராஸ் பந்தயத்தில் ஓட்டும் வாய்ப்பு. லாரி ஓட்டிப் பிழைக்கும் குமாரவேலுக்கு அது வேறு எந்த வழியிலும் வராது.

அவனுக்காகத்தான் நல்லையா அந்தச் சிறிய பெட்டியைப் பொருத்திக்கொண்டிருந்தார். ஒரு வயர் இக்னிஷன் காயிலுக்கு. இன்னொன்று கிளட்ச் பெடலின் பின்னால் வைத்த சுவிட்சுக்கு. கிளட்சை மிதித்திருக்கும்வரை, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினாலும் குறித்த சுற்றுக்கு மேல், இப்போதைக்கு நிமிடத்துக்கு நாலாயிரம், இன்ஜின் போகாது. பெட்டி தீப்பொறியைத் துண்டித்துவிடும். கொடி இறங்கியதும் கிளட்சை விட்டால் கார் பாயும். எத்தனை சுற்று என்பதை ஒரு குமிழைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம்.

குறைத்தால் பாய்ச்சலும் குறையும் என்பது நல்லையாவின் கணக்கு.

"ஏன் சொல்றேன்னா, நல்லையா..."

"சொல்ல வேண்டாம் மொதலாளி. சிலோன்லருந்து வெறுங்கையோட கப்பல்ல வந்து எறங்குனவன் நான். இங்கன ஆளுக என்னைய நம்பி வண்டிய விட்டுட்டுப் போறாங்க. என்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் கேக்குறீங்களா?"

"கோவப்படாம முழுசாக் கேளுப்பா."

"எனக்குச் சோலி கெடக்கு."

தண்டாயுதபாணி வாசலுக்கு நடந்தார்.

"சரி. நான் வந்தேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிராத."

மாலையில் குமாரவேல் வந்ததும் நல்லையா முதல் வேலையாக அதைத்தான் சொன்னார்.

குமாரவேல் சிரித்தான். "பயந்துட்டாரு, பாத்தீங்களாண்ணே! எறக்கச் சொன்னாரா? அப்ப ஏத்துங்க. ஐயாயிரம்!"

"அது கூடுதல் தம்பி. ரோட்டுல ஓட்டிப் பாத்தோமே, நாலாயிரமே நல்லாத்தான..."

"அவரு ஒண்ணு சொன்னா, அதுக்கு நேர் எதிராத்தான் செய்வோம். எங்க வீட்டு வழக்கம் அது. ஏத்துங்கண்ணே."

நல்லையா குமிழைத் திருப்பினார். நம்பிக்கைத் துரோகம் செய்யாதவனுக்கு உரிய நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

இரவெல்லாம் தூறல். பந்தயம் புறப்படும் இடம் தைல மரங்களுக்கு அடியில் இருந்தது. வெயில் எட்டாத, எந்நாளும் ஈரம் காயாத சரிவு. ஈரத் தாரில் உதிர்ந்த இலைகள் ஒட்டிக் கிடந்தன. நல்லையா காரை ஓட்டிப் பார்த்ததோ, ஷெட்டுக்கு எதிரே வெயிலில் காய்ந்த சாலையில்.

முதல் கார் உறுமியது. கொடி இறங்கியது. பின் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. கார் பக்கவாட்டில் வழுக்கிய பிறகுதான் நகர்ந்தது.

"ஏலே, மலையேறச் சொன்னா நின்னு மாவாட்டுற!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

இரண்டாவது காருக்கும் அதே கதி.

மூன்றாவது, தண்டாயுதபாணி. அவர் காரில் பெட்டி எதுவும் இல்லை. எல்லாம் கால் பழக்கம். இவர் சறுக்குவதையும் பார்த்துவிடலாம் என்று நல்லையா ஜன்னலருகில் போய் நின்றார். உள்ளே, சுற்று காட்டும் மீட்டரில் பார்வை விழுந்தது.

முள் அசையாமல் மூவாயிரத்தில் நின்றது.

கொடி இறங்கியது. ஒரு சாண்கூட வழுக்காமல் கார் மேலேறி, வளைவில் மறைந்தது.

கன்னத்தில் அறை வாங்கியவர் போல நல்லையா நின்றார். பிறகு, வரிசையில் கடைசியாக நின்ற ஃபியட்டை நோக்கி ஓடினார்.

"தம்பி, கொறைங்க! மூவாயிரம் போதும்!"

"நேத்து அவரு சொன்னதா?" குமாரவேலின் முகம் சுருங்கியது. "அவரு எதுக்குச் சொன்னாருன்னு தெரியாதாண்ணே உங்களுக்கு?"

"தெரியாமத்தான் திட்டி அனுப்புனேன். இப்ப அவரு போனதே மூவாயிரத்துலதான். என் கண்ணால பாத்தேன்."

குமாரவேலின் கை குமிழின் மேல் நின்றது.

"வெரசா வாங்கப்பா!" என்றார் கொடிக்காரர்.

குமாரவேல் தானே குமிழைத் திருப்பினான்.

ஒன்றரை விநாடி வித்தியாசத்தில் முதலிடம் அவனுக்கு.

மலையுச்சியில், தண்டாயுதபாணி தம் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குமாரவேல் அவர் எதிரே போய் நின்றான். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பேசிய முதல் வாக்கியமே குறையாகத்தான் வந்தது.

"அதை என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாம்ல, சித்தப்பா?"

தண்டாயுதபாணி ஈரத் துணியைப் பிழிந்தார்.

"நேராச் சொல்லியிருந்தா, நீ ஐயாயிரத்துல கொண்டுபோயி வச்சிருப்பியேலே!"