மாஸ்டரின் காய்ச்சல்

"உங்களுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி சார்" என்றார் டாக்டரம்மா, சிரித்த முகத்தோடு.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு அது முதலில் காதில் விழவில்லை. விழுந்த பிறகும் உள்ளே இறங்கவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரியின் இதே அறையில்தான் புதுத் தடுப்பூசியைப் பரிசோதிக்க ஆள் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பது போடுகிறவருக்கே தெரியாது, எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வோம் என்றார்கள். மாஸ்டரின் மனைவி உடனே சரி என்றுவிட்டாள். அவள் போய் இவர் போகாமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்? இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள்.

அன்றிலிருந்து மாஸ்டர் வாய் ஓயவில்லை. மனைவியைத் தான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனதாகக் கதையைத் தொடங்குவார். கார் பழக வந்தவர்கள் வேறு வழியில்லாமல் கேட்டார்கள். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்க முடியாது, இறங்கி ஓடவும் முடியாது. இன்னொரு பிரேக் மாஸ்டரின் காலடியில் இருந்தது.

அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்த கட்டத்தில் குரலைத் தாழ்த்துவார். உடம்பு அனலாய்க் கொதித்ததாம். பல் தந்தியடித்ததாம். "மருந்து உள்ள போய் வேலை செய்யுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. கியரை மாத்துங்க."

மறுநாள் வகுப்புகளை ரத்து செய்துவிட்டுப் படுத்தே கிடந்தார். மனைவிக்கு ஒன்றுமே ஆகவில்லை. வழக்கம்போல் தபால் ஆபீசுக்குப் போய் முத்திரை குத்திவிட்டு வந்தாள். அவளுக்குத் தண்ணீர்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிய மாஸ்டர், பாவம் என்று கொஞ்சம் வருத்தமும் பட்டார்.

அவர் பேச்சை நம்பித்தான் தெருவில் பாதிப் பேர் இப்போது தடுப்பூசிக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். மாஸ்டரே கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார், நமக்கு மட்டும் என்ன வந்துவிடப்போகிறது என்று.

அப்படியானால் அந்தக் காய்ச்சல்?

மனசு பயந்தால் உடம்பும் கூடச் சேர்ந்து ஆடும், நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்று டாக்டரம்மா ஆறுதல் சொன்னார். கேட்டவருக்கு ஆறுதலாக இல்லை.

மருந்துக்கு இப்போது அனுமதி கிடைத்துவிட்டதாம். தண்ணீர் போட்டுக்கொண்டவர்கள் விரும்பினால் இன்றைக்கே நிஜ ஊசி போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றாலும் சரி என்றார். அதற்குள் நர்ஸ் தட்டோடு வந்து நின்றுவிட்டாள்.

மாஸ்டர் நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

உள்ளதைச் சொன்னால், போன வருஷம் அவர் கையை நீட்டியதே பாதிக்குப் பாதி தண்ணீராக இருக்கும் என்ற தைரியத்தில்தான். இன்றைக்கு அந்தப் பாதி இல்லை. இந்தத் தட்டில் இருப்பது அசல். வேண்டாம் என்று எழுந்து போனால் தெருவில் தலைகாட்ட முடியாது. எழுந்து போகாவிட்டால், நேற்று வந்த மருந்து, நாளைக்கு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

நாலு மணிக்கு வகுப்பு இருக்கிறது, மனைவியோடு கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று வாய் தன்பாட்டுக்கு உளறியது. கலந்து பேச வேண்டிய ஆள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அவளைப் பார்த்துத்தான் டாக்டரம்மா அடுத்ததைச் சொன்னார். நிஜ மருந்து போனது அவளுக்கு.

மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடிபட்டவள்போல் சிரித்தாள்.

"உனக்குத்தான் ஒண்ணுமே ஆகலையே?"

"ஏன் ஆகாம? ஒரு நாள் காய்ச்சல் நல்லாவே அடிச்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே நீங்க போய்ப் படுத்துட்டீங்க. ரெண்டு பேரும் படுத்துட்டா எப்படி?"

மாஸ்டர் ஊசி போட்ட அந்த நாளை நினைத்துப் பார்த்தார்.

அந்தச் சாயங்காலம் அவள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். வைத்த இடம் சுட்டது. அம்மாடி, என்ன சூடு என்று அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது, நடுக்கமும் வந்தது. கொதித்தது அவருடைய நெற்றி இல்லை, அவளுடைய கை. அந்தக் கையால்தான் ஈரத் துணியைப் பிழிந்து பிழிந்து போட்டாள். அவருக்குக் காய்ச்சலே இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கும். ஒரு வருஷமாக, விருந்தாளிகள் முன்னால் அவர் கதையை எடுத்துவிடும்போதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள்.

வெட்கமாக இருக்கும் என்று நினைத்தார். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்க, அவள் சிரிக்க, ஏன் என்று தெரியாமலே நர்ஸும் தட்டு குலுங்கச் சிரித்தாள். அந்தப் புது மருந்து ஒரு வருஷமாக அவர் வீட்டிலேயே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆபீசுக்குப் போய் வந்து, அவரைத் திட்டி, அவரோடு சண்டை போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, இதோ சிவந்த முகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவளை இவ்வளவு பிடிக்கும் என்பதை ஓர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தா கண்டுபிடிக்க வேண்டும்?

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். இடது கையை நர்ஸிடம் கொடுத்தார்.

வலது கையை, டாக்டரம்மா பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல், மனைவியின் நெற்றியில் வைத்துப் பார்த்தார், ஒரு வருஷம் கழித்து.