ஒத்தைப் பிள்ளைக்கு ஒரு வண்டி

"ஒரு பிள்ளைதானேக்கா? அப்ப இதுக்கு மேல வேற எதையும் பாக்கவே வேண்டாம்," என்று நீல நிறத் தள்ளுவண்டி ஒன்றை முன்னால் இழுத்து நிறுத்தினாள் கடைப்பெண்.

"ஆமா" என்று தலையாட்டிய பிறகுதான் அம்மாக்காரிக்குச் சுருக்கென்றது. இடுப்பிலிருந்த சின்னவளை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, "கூட வர்றது இவ ஒருத்திதான். பெரியவன் வரல," என்று திருத்தினாள்.

"அடடா, அவனை விட்டுட்டா போறீங்க?"

கடைப்பெண் சும்மாதான் கேட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, காது மடல் வரை சுட்டது.

"எட்டு மாசம்தான். வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு. அவரு அப்புறமாத்தான் வர முடியும். அதுவரைக்கும் பெரியவனை எங்க அண்ணி பாத்துக்குவாங்க."

"பெரிய பையன்னா எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்குவான்க்கா. சின்னதுங்களைத்தான் சமாளிக்க முடியாது."

அம்மாக்காரி குனிந்து சக்கரத்தை உருட்டிப் பார்ப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வண்டி என்னவோ நல்ல வண்டிதான். ஆறே கிலோ. ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் பொத்தானை அமுக்கினால் தானாக மடிந்துவிடும். விமானத்தில் தலைக்கு மேலே பெட்டி வைக்கிற இடத்தில் அடங்கிவிடும். "ஒத்தை ஆளாப் போறவங்களுக்குன்னே செஞ்சது," என்றாள் கடைப்பெண்.

அவளும் மடித்துப் பார்த்தாள். இரண்டாம் முறை விரல் நசுங்கியது. எனக்கு நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

"பழைய வண்டி என்னாச்சுக்கா?"

"வீட்ல கிடக்கு. அது ரொம்ப அகலம். லிஃப்ட்டுக்குள்ள நுழையறதுக்கே மல்லுக்கு நிக்கும்."

தனியாளாக இரண்டு பேரையும் சமாளிக்க முடியாது என்றார்கள். யாரைக் கூட்டிப் போவது, யாரை விட்டுப் போவது என்பது வீட்டில் பத்தே நிமிடத்தில் முடிவாகியிருந்தது. சின்னவள் அம்மாவைக் காணோம் என்றால் கத்தி ஊரைக் கூட்டுவாள். பெரியவன் சமத்து. யாரிடமும் ஒட்டிக்கொள்வான், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அழாத பிள்ளையை அண்ணி வீட்டில் விட்டுவிடலாம், அவ்வளவுதானே நியாயம்! சமத்தாக இருந்ததற்கு இது என்ன தண்டனை என்று அவள் யாரையும் கேட்கவில்லை. எல்லோரோடும் சேர்ந்து அவளும்தானே தலையாட்டினாள்? அவனுக்கும் சேர்த்து வாங்கிய விசா பீரோவுக்குள் கிடந்தது. நாலு நாளாக அந்தப் பீரோவைத் திறக்கவே அவளுக்குக் கை கூசியது.

"பாப்பாவை உக்கார வச்சுப் பாருங்கக்கா."

சின்னவளை இறக்கி வண்டியில் வைத்தாள். அது உட்கார்ந்ததும் உட்காராததுமாக நகர்ந்து நகர்ந்து இடது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது. கடைப்பெண் தூக்கி நடுவில் வைத்தாள். மறுபடியும் ஓரத்துக்கே போனது.

"என்ன தங்கம்? சீட்டு முழுக்க உனக்குத்தானே. எதுக்கு இப்படி ஒண்டிக்கிட்டு உக்காந்திருக்கே?"

சின்னவளைச் சமாதானப்படுத்த அம்மாக்காரி பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். அது இரண்டாக உடைத்தது. பாதி வாய்க்குள் போனது. மீதிப் பாதியைப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் வைத்து, அந்த இடத்தை உள்ளங்கையால் தட்டி, "ண்ணா!" என்றது.

"பார்றா! இத்தனூண்டு இருந்துகிட்டு அண்ணனுக்குப் பங்கு எடுத்து வைக்கிற சாமர்த்தியத்தை!" கடைப்பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மாக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்து அண்ணியிடமிருந்து போன்.

"ஒண்ணுமில்லம்மா, நிதானமா வாங்கிட்டு வா. பெரியவன் அழவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் போனதுலேருந்து வாசக்கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான், அவ்வளவுதான்."

அவ்வளவுதான்! போனைப் பைக்குள் வைத்தாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று வேறு யாரையோ சொல்வதாக இத்தனை நாள் நினைத்திருந்தாள். பெற்றவளே சுண்ணாம்பைத் தடவிவிட்டு, ஒத்தைக் கையில் மடிகிறதா என்று வண்டியைச் சோதித்துக்கொண்டிருக்கிறாளே!

அரைப் பிஸ்கட் வைத்த இடத்திலேயே இருந்தது. தன் பங்கைத் தின்று முடித்த சின்னவள் அதைத் தொடவே இல்லை.

"பில் போட்டுடலாமாக்கா?"

"வேண்டாம்மா. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்கார்ற வண்டி இருந்தா எடு."

"ஐயோ, அது பன்னெண்டு கிலோக்கா! கையால தூக்கி மாளாது. ஒத்தை ஆளா என்ன பண்ணுவீங்க?"

"என்னமோ பண்றேன். பெரியவனையும் கூட்டிட்டுப் போகப்போறேன்."

"கூட்டிட்டுப் போங்க, நல்லதுதான். அதுக்காக அண்ணன்காரனுக்கு எதுக்குக்கா வண்டி? உக்காந்தான்னா காலு தரையில இழுபடுமே!"

அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இழுபடாதும்மா. இவளைவிட அவன் நாலே நிமிஷம்தான் பெரியவன்."