கால் வார்

அணையில் படகுச் சவாரி மறுபடி தொடங்கிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது முருகேஸ்வரியின் வேலை. அன்று நல்லேப்பிள்ளியிலிருந்து வந்திருந்த மருதாத்தாள், காலிடுக்கில் கொடுத்து மாட்டும் வாரைத் தள்ளிவிட்டாள்.

"சேலை மேல இதையெப்படி அம்மணி போடறது? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"நான் துண்டு பிடிச்சு மறைச்சுக்கிடுதேன்க்கா. வார் இல்லேன்னா தண்ணிக்குள்ள லைஃப் ஜாக்கெட் தலைவழியாக் கழண்டுரும்."

"எல்லாரும் ஏறீட்டாங்க, உடு. போன மாசம் முழுகுனவ லைஃப் ஜாக்கெட்டே போடலையாமா. நாந்தான் போட்டிருக்கறனே."

முருகேஸ்வரி துண்டை விரித்துப் பிடித்தாள். மருதாத்தாளின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"அவளும் போட்டிருந்தாக்கா. எங்க மதினிதான். சேலைக்கு அசிங்கமா இருக்குன்னு சொன்னா. வாரை நான்தான் அவுத்துவிட்டேன்."